பெருவிரல் ரேகை பதித்த பெயர்ச்சீட்டு
ஒரு தையற்கலைஞரின் தொழில் வரலாறு தரும் பாடங்கள்

நல்ல துணி நெய்கிறவர்களுக்கும் நல்ல விளைச்சல் எடுக்கிறவர்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சரக்கு சந்தைக்குப் போய்ச் சேருகிறது. செய்தவர் பெயர் அதனுடன் போய்ச் சேருவதில்லை. நம்முடைய சேலை வேறொரு ஊரின் பெயரால் விலையாகிறது. நம்முடைய மிளகாய் வேறொருவர் மூட்டையில் கலந்து நிறம் மங்குகிறது. நாம் ஆறு மாதம் யோசித்துத் தறியில் ஏற்றிய கரையை, அடுத்த மாதமே விசைத்தறியில் பாதி விலைக்குக் காண்கிறோம். சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் இக்குறையைச் சொல்லாத அங்கத்தினர் இல்லை.

இக்குறையை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்து, அதற்கு ஒழுங்கான பரிகாரம் தேடிய ஒரு பெண்மணியின் தொழில் வரலாற்றை இவ்விதழில் பாடமாக எடுத்துக்கொள்வோம். அவர் பிரெஞ்சு நாட்டினர். பெயர் மத்லேன் வியோனே. பாரிஸ் நகரில் தமது சொந்தப் பெயரால் ஓர் உடைத் தயாரிப்பு நிலையத்தை நிறுவி, 1912 முதல் 1939 வரை நடத்தியவர். செல்வர் வீட்டுப் பெண்களின் உடைகளைப் பற்றி நமக்கென்ன என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். துணியின் இயல்பை அவர் ஆராய்ந்த விதமும், தம் வேலையைக் களவு போகாமல் காத்த விதமும், தம்மிடம் ஊசி பிடித்தவர்களை நடத்திய விதமும், இறுதியில் அந்நிலையம் முடிவுற்ற விதமும் நமக்கு மிகவும் வேண்டிய பாடங்கள்.

1. பயிற்சிக் காலம்

வியோனே 1876ஆம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் நகரச் சுங்கச் சாவடியில் பணிபுரிந்த எளிய மனிதர். சிறுமி பள்ளியில் நன்றாகப் படித்தாள். உபாத்தியாயினியாக வேண்டுமென்று விரும்பினாள். குடும்ப நிலை இடங்கொடுக்கவில்லை. சுமார் 12 வயதிலேயே தையற்காரி ஒருவரிடம் தொழில் பழக விடப்பட்டாள். இளம் வயதில் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. பிறந்த ஒரே குழந்தையும் இறந்தது. இத்துயரங்களுக்குப் பின் அவர் ஆங்கில நாடு சென்று பிழைக்க வேண்டியவரானார்.

இலண்டனில் அவர் வேலை பார்த்தது கேட் ரெய்லி என்பவரின் தையலகத்தில். பாரிஸ் மாதிரிகளைப் பின்பற்றி ஆங்கிலப் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது அந்நிலையத்தின் தொழில்களுள் ஒன்று. ஓர் உடையைப் பார்த்து அதுபோல் இன்னொன்று செய்வது எப்படி, அதில் எது எளிதில் பிடிபடும், எது பிடிபடாது என்பதையெல்லாம் அவர் அங்கே கையால் கற்றார். பிற்காலத்தில் நகல் செய்கிறவர்களை எதிர்த்து நின்றவருக்கு நகல் தொழிலின் நுட்பம் முன்பே தெரிந்திருந்தது என்பது கவனிக்கத் தக்கது.

1900ஆம் ஆண்டையொட்டிப் பாரிசுக்குத் திரும்பி, கல்லோ சகோதரிகள் என்ற புகழ்பெற்ற நிலையத்தில் சேர்ந்தார். அங்கே தலைமைத் தையற்காரியாக, நிலையத்தை நடத்திய மூத்த சகோதரியின் கருத்துகளை மாதிரித் துணியில் உருவாக்கிக் காட்டும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. விலையுயர்ந்த பட்டில் கத்தரி வைப்பதற்கு முன், மலிவான பருத்தித் துணியில் உடையை முழுமையாகத் தைத்துப் பார்ப்பது அந்நாட்டுத் தொழில் முறை. அம்முறையில் அவர் தேர்ச்சி பெற்றார்.

அடுத்து, 1907ஆம் ஆண்டையொட்டி, ஜாக் தூசே என்பவரின் நிலையத்தில் உடைகளைப் புதிதாக அமைக்கும் பணி கிடைத்தது. அக்காலத்தில் மேல்நாட்டுப் பெண்கள் இடையையும் மார்பையும் இறுக்கும் எலும்புக் கச்சு ஒன்றை உடைக்குள் அணிவது வழக்கம். அதை வியோனே விலக்கினார். கச்சில்லாமல், காலில் செருப்பும் இல்லாமல் பெண்கள் தம் உடைகளை அணிந்து வந்து காட்டும்படி செய்தார். அந்நிலையத்தின் விற்பனைப் பெண்களுக்கே இது பிடிக்கவில்லை. வாடிக்கைக்காரர்களிடம் இவ்வுடைகளை எடுத்துக் காட்டத் தயங்கினார்கள். பிறர் கடையில் இருந்துகொண்டு தம் எண்ணப்படி தொழில் செய்ய இயலாது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

2. சொந்த நிலையம்

1912ஆம் ஆண்டு, பாரிசில் ரிவோலி வீதியில் 222ஆம் எண் கட்டடத்தில் வியோனே தமது பெயரால் நிலையம் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 36. தொழிலில் இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இரண்டே ஆண்டுகளில் முதல் உலக யுத்தம் மூண்டது. 1914இல் நிலையம் மூடப்பட்டது. யுத்தம் முடிந்த பின் மீண்டும் திறந்தார்.

1919இல் தயாத் என்ற இத்தாலியக் கலைஞர் நிலையத்துக்கு ஒரு சின்னம் வரைந்து கொடுத்தார். அதுவே நிலையத்தின் தாளிலும் பெட்டியிலும் அடையாளமாயிற்று. 1922இல் மூலதனத்தை விரிவாக்க வேண்டி ஒரு கம்பெனி ஏற்பட்டது. பாரிசின் பெரிய பலசரக்கு மாளிகையான கலெரி லஃபாயெத்தின் அதிபர்களுள் ஒருவரான தியோஃபில் பாதேர் அதில் பங்கு கொண்டார். 1923இல் மொந்தேஞ் அவென்யூவில் 50ஆம் எண் கொண்ட மாளிகைக்கு நிலையம் குடிபெயர்ந்தது. அடுத்த பதினாறு ஆண்டுகள் அதன் சிறந்த காலம்.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பன்னிரண்டு வயதில் ஊசி பிடித்தவர் முப்பத்தாறாவது வயதில் கடை வைத்தார். நாற்பத்தேழாவது வயதில்தான் தம் கட்டடத்தில் அமர்ந்தார். பெயர் முதலில் வந்து வேலை பிறகு வரவில்லை. வேலை முப்பது ஆண்டுகள் முன்னே நடந்தது. பெயர் அதன் பின்னே வந்தது.

3. பாவும் ஊடையும் மூலைவாட்டும்

நெசவாளர் நன்கறிந்த ஒன்றைக்கொண்டே இப்பகுதியைத் தொடங்கலாம். துணியில் பாவு நீளவாட்டிலும் ஊடை அகலவாட்டிலும் ஓடி, ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டுகின்றன. பாவின் வழியே துணியை இழுத்தால் நீளாது. ஊடையின் வழியே இழுத்தாலும் அதிகம் நீளாது. இழையே இழுப்பைத் தாங்குகிறது. ஆனால் துணியின் இரு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகிறது? இழைகளுக்கிடையே இருந்த சிறு சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாகின்றன. துணி நீண்டு, அகலம் சுருங்குகிறது. விட்டவுடன் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு கைக்குட்டையை எடுத்து எவரும் இதைச் சோதிக்கலாம்.

நம் ஊர்த் தையற்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லி, கழுத்துப் பட்டிக்கும் ரவிக்கைக்கும் பயன்படுத்தும் மூலைவாட்டு வெட்டு இதுதான். வியோனேவுக்கு முன்பும் மேல்நாட்டில் இதனைக் கழுத்துப் பட்டி போன்ற சிறு பகுதிகளுக்குப் பயன்படுத்தினார்கள். முழு உடையையே இம்முறையில் அமைத்து அதைத் தமது தொழிலின் அஸ்திவாரமாக்கியவர் வியோனே. மூலைவாட்டில் தொங்கும் துணி உடம்பின் மேல் தானே படிந்து, நடக்கும்போது தானே விரிந்து சுருங்குகிறது. எலும்புக் கச்சு வேண்டாம். பல உடைகளுக்குக் கொக்கியும் பொத்தானும் கூட வேண்டாம். தலை வழியாக மாட்டிக்கொண்டால் போதும்.

இதனால் நெசவுக்கு என்ன வேலை வந்தது என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. மூலைவாட்டில் ஒரு நீள்சதுரத் துண்டை ஒட்டுப் போடாமல் வெட்ட வேண்டுமானால், அத்துண்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் தொகை, துணியின் பன்னாவை 1.41 ஆல் பெருக்கி வரும் தொகைக்கு மேற்படக் கூடாது. கணக்கைப் பார்ப்போம்:

36 அங்குலப் பன்னா: 51 அங்குலம்
45 அங்குலப் பன்னா: சுமார் 64 அங்குலம்
54 அங்குலப் பன்னா: 76 அங்குலம்
72 அங்குலப் பன்னா: சுமார் 102 அங்குலம்

தோளிலிருந்து கணுக்கால் வரை 54 அங்குலம் வேண்டுமென்று கொள்வோம். 36 அங்குலத் துணியில் அந்நீளமே கிடைக்காது. 45 அங்குலத் துணியில் 10 அங்குல அகலமுள்ள வார்தான் கிடைக்கும். 54 அங்குலத் துணியில் 22 அங்குல அகலமும், 72 அங்குலத் துணியில் 48 அங்குல அகலமும் கிடைக்கும். எனவே வியோனேவின் உடை பிறக்க வேண்டுமானால் முதலில் அகலமான தறி பிறக்க வேண்டியிருந்தது. லியோன் நகரத்துப் பட்டு உற்பத்தியாளரான பியாங்கினி-ஃபெரியே கம்பெனியார், வழக்கத்தைவிட மிகுந்த பன்னாவில் அவருக்கென்றே கிரேப் பட்டு நெய்து கொடுத்தார்கள். கிரேப் என்பது மிகுந்த முறுக்கேற்றிய இழையால் நெய்வது; மூலைவாட்டில் அது மற்றத் துணிகளைவிட இசைந்து கொடுக்கும். தைப்பவர் நெய்பவரிடம் சென்று, எனக்கு இன்ன பன்னாவில் இன்ன முறுக்கில் வேண்டும் என்று கேட்டார். நெய்பவர் அதற்கேற்பத் தறியை அமைத்தார். இருவருக்கும் இடையில் தரகர் நின்று, இருப்பதை வாங்கிக்கொள் என்று சொல்லியிருந்தால் இந்த உடை உலகில் வந்திராது.

மூலைவாட்டு வெட்டில் சேதாரம் அதிகம் என்று தையற்காரர் சொல்வது மெய்யே. ஒரு துண்டை மட்டும் வெட்டும்போது, அதைச் சுற்றி நான்கு முக்கோணங்கள் எஞ்சும். அவற்றின் பரப்பு எடுத்த துண்டின் பரப்புக்குக் குறையாது. பல துண்டுகளை அடுத்தடுத்து அடுக்கினால் ஓரளவு மிச்சப்படும். வியோனே இதற்கு இன்னொரு வழியும் கண்டார். யுத்தம் முடிந்த காலத்தில், 1919-20 அளவில், நான்கு சதுரத் துண்டுகளைக்கொண்டு ஓர் உடை அமைத்தார். சதுரங்கள் பாவுக்கும் ஊடைக்கும் இணங்க நேராகவே வெட்டப்பட்டவை, ஆகவே சேதாரமில்லை. அவற்றை நேராகத் தொங்கவிடாமல் மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டார். வெட்டு நேர், தொங்கல் மூலைவாட்டு. கீழ் விளிம்பு நான்கு முனைகளாகச் சரிந்து விழுந்தது. சதுரம், வட்டம், வட்டத்தின் கால் பகுதி, நீள்சதுரம் ஆகிய பள்ளிக்கூடத்து வடிவங்களையே அவர் பெரிதும் பயன்படுத்தினார். காகிதத்தில் படம் வரைந்து தொடங்குவது அவர் வழக்கமன்று. மனித உருவில் ஏறக்குறையப் பாதியளவுள்ள ஒரு மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றி, பின் குத்தி, பிரித்து, மறுபடி சுற்றிப் பார்த்தே உருவாக்கினார். சிறிய பொம்மையில் சரியாக வந்த பின்தான் பெரிய அளவுக்குப் போனார். சோதனைக்கு ஆகும் துணிச் செலவு இதனால் குறைந்தது.

4. பெருவிரல் ரேகை

சிறந்த வேலைக்குச் சிறந்த வரவேற்பும் உண்டு. அதைத் தொடர்ந்து நகலும் உண்டு. 1920களில் பாரிஸ் நிலையங்களின் உடைகளை மறைவில் வரைந்துகொண்டு போய், மலிவாகத் தைத்து விற்பது உள்நாட்டிலும் அமெரிக்காவிலும் பெருந்தொழிலாக இருந்தது. பெயர்ச்சீட்டையே போலியாக நெய்து உடையில் தைத்தவர்களும் உண்டு.

வியோனே இதற்கு மூன்று காப்புகள் செய்தார்.

முதலாவது, பதிவு. ஒவ்வோர் உடையையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகிய மூன்று கோணங்களில் புகைப்படம் எடுத்து, எண்ணிட்டு, தேதியிட்டுத் தொகுதிகளாகக் கட்டி வைத்தார். எந்த உடை எப்பொழுது யாரால் அமைக்கப்பட்டது என்று கேட்டால், வாய்ச்சொல் வேண்டியதில்லை. தொகுதியைத் திறந்து காட்டினால் போதும்.

இரண்டாவது, அடையாளம். உடையில் தைக்கும் பெயர்ச்சீட்டில் தமது கையெழுத்தையும், அதனருகில் தமது பெருவிரல் ரேகையையும் பதித்தார். இவை இல்லாத உடை தம்முடையதன்று என்று விளம்பரமும் செய்தார்.

நம் நாட்டில் கைநாட்டு என்றால் எழுதத் தெரியாதவர் வைப்பது என்று பொருள். சங்கத்தின் பட்டுவாடாப் பதிவேட்டில் பெருவிரலை மையில் ஒற்றும்போது நெசவாளர் பலர் கூச்சத்தோடு ஒற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கே ஓர் அம்மையார், கையெழுத்துப் போட நன்கு தெரிந்திருந்தும், கையெழுத்தைக் கள்ளர் எழுதிவிடலாம், ரேகையை எழுத இயலாது என்று கருதிப் பெருவிரலை ஒற்றினார். செய்த கையே செய்ததற்குச் சாட்சி என்பது அதன் பொருள். கூச்சத்துக்குரியதாக நாம் எண்ணும் அந்த ரேகை, பாரிசின் விலை உயர்ந்த உடைகளில் பெருமைக்குரிய முத்திரையாக விளங்கியது.

மூன்றாவது, சட்டம். பிரெஞ்சு நாட்டில் நூலாசிரியர்களுக்கும் கலைஞர்களுக்கும் உரிமை தரும் சட்டம் 1793 முதலும், வடிவமைப்புகளையும் மாதிரிகளையும் பாதுகாக்கும் தனிச் சட்டம் 1909 முதலும் இருந்தன. அவற்றைத் துணைக்கொண்டு, நகல் செய்தவர்களை வியோனே நீதிமன்றத்துக்கு இழுத்தார். உடையமைப்பும் ஒரு படைப்பே. பாட்டுக்கும் படத்துக்கும் உள்ள உரிமை அதற்கும் உண்டு என்பது அவருடைய வாதம்.

மூன்று காப்புகளுள் எது முக்கியம் என்று கேட்கலாம். பதிவு இல்லாவிட்டால் வழக்கு நிற்காது. அடையாளம் இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது. சட்டத்தை நாடும் துணிவு இல்லாவிட்டால் முன்னிரண்டும் அலமாரியில் தூங்கும். மூன்றும் சேர்ந்தே ஒரு காப்பு. இவ்வளவு செய்தும் நகல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. வாங்குகிறவருக்கு மூலம் எது, நகல் எது என்று அறியும் வழி ஏற்பட்டது. அதுவே பெரும் பயன்.

5. ஊசி பிடித்தவர்கள் நிலை

மொந்தேஞ் அவென்யூ நிலையம் வளர்ந்த காலத்தில் சுமார் 1,200 பேர் அங்கே வேலை செய்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். சிறுமியாக இருக்கும்போதே தையற்கூடத்தில் முதுகு நோக உட்கார்ந்தவர் வியோனே. தம் கூடத்தில் சாய்வில்லாத முக்காலிகளுக்குப் பதிலாகச் சாய்வுள்ள நாற்காலிகளைப் போட்டார். இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். தறிக்குழியில் நாள் முழுதும் குனிந்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அத்துடன் மருத்துவர், பல் மருத்துவர், உணவுக்கூடம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, பிரசவ கால விடுமுறை, சம்பளத்துடன் கூடிய விடுமுறை ஆகியவற்றையும் ஏற்படுத்தினார். பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது 1936இல்தான். சட்டம் வருவதற்கு முன்பே அவர் இதைச் செய்தார் என்பது பாராட்டுக்குரியது.

ஆயினும் கூட்டுறவாளராகிய நாம் இன்னொரு கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அந்த 1,200 பேருள் எத்தனை பேர் பங்குதாரர்கள்? நிலையத்தை நடத்துவது பற்றியோ மூடுவது பற்றியோ அவர்களுக்கு வாக்கு இருந்ததா? அது தனி மனிதர் பெயரால், முதலீட்டாளர் பணத்தால் நடந்த கம்பெனி. முதலாளி நல்லவராக இருந்தார். தொழிலாளர் நலம் பெற்றனர். நலம் பெற்றதும் அவர் கையிலிருந்துதான். அக்கை நின்றால் நலமும் நிற்கும்.

6. முடிவும் எஞ்சியவையும்

அவ்வாறே நேர்ந்தது. 1939இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது நிலையம் மூடப்பட்டது. வியோனேவுக்கு அப்பொழுது 63 வயது. அவருக்குப் பின் நிலையத்தை ஏற்று நடத்த ஆளில்லை. அதற்கான ஏற்பாடும் இல்லை. ஆயிரம் கைகள் கற்றிருந்த வித்தை ஆயிரம் வீடுகளுக்குப் பிரிந்து சென்றது. 1914இல் மூடிய கதவு யுத்தத்துக்குப் பின் திறந்தது. 1939இல் மூடிய கதவு அவர் வாழ்நாளில் மறுபடி திறக்கவில்லை.

எல்லாம் அழிந்துவிடவில்லை. 1952இல் அவர் தம்மிடமிருந்த நூற்றுக்கு மேற்பட்ட உடைகளையும், சுமார் 750 மாதிரித் துணி வெட்டுகளையும், புகைப்படத் தொகுதிகள் 75ஐயும் பிரெஞ்சு நாட்டு உடைக்கலைச் சங்கத்துக்கு நன்கொடையாக அளித்தார். அவை இன்று பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின் வசம் உள்ளன. 1975ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, தமது 98ஆம் வயதில் அவர் காலமானார். பின்னர் அமெரிக்க ஆராய்ச்சியாளரான பெட்டி கிர்க் அம்மையார், எஞ்சிய உடைகளை அளந்து, வெட்டு முறைகளைத் திரும்ப வரைந்து நூலாக வெளியிட்டார். 1990களிலிருந்து தையற்கலை மாணவர்கள் அதனைப் பயில்கிறார்கள். 2009இல் பாரிசில் அவருடைய உடைகளுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது. களவைத் தடுக்கக் கட்டி வைத்த புகைப்படத் தொகுதிகள், களவாளிகளெல்லாம் மறைந்த பிறகு, கல்விக்குக் கருவூலமாயின.

பெயரின் கதை வேறு. 1988இல் 'வியோனே' என்ற வர்த்தகப் பெயரை வேறொரு குடும்பத்தார் வாங்கினார்கள். 2006இல் அப்பெயரால் மீண்டும் உடைகள் வெளிவந்தன. அதன் பின் பெயர் மேலும் கை மாறியது. பெருவிரல் மண்ணோடு போன பிறகும் பெயர் விலையாகிக்கொண்டிருந்தது. பெயர் என்பது ஒரு சொத்து. எழுதி வைக்காத சொத்தைப் போலவே, உரியவர் காக்காவிட்டால் வாங்குகிறவர் பக்கம் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

7. நம் சங்கங்களுக்குரிய பாடங்கள்

(அ) டிசைன் பதிவேடு. ரொக்கப் பேரேடும் சரக்கிருப்புப் பேரேடும் இல்லாத சங்கமில்லை. டிசைன் பதிவேடு உள்ள சங்கம் எத்தனை? தணிக்கைக்குச் செல்லும்போது, பழைய மாதிரித் துண்டுகள் மூட்டையாகக் கட்டிக் கிடப்பதையும், எது எந்த ஆண்டு யார் கட்டிய டிசைன் என்று சொல்ல ஆளில்லாததையும் பல இடங்களில் காண்கிறோம். ஒவ்வொரு புதிய டிசைனுக்கும் ஒரு பக்கம். அதில் சாண் அளவு மாதிரித் துணி, இழை எண், பாவு ஊடை விவரம், பன்னா, டிசைன் அமைத்தவர் பெயர், முதல் சேலை அறுத்த தேதி, முன்னும் பின்னும் எடுத்த புகைப்படம். இதற்கு ஆகும் செலவு ஒரு கெட்டி அட்டை நோட்டின் விலைதான்.

(ஆ) சட்டத்தின் துணை. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி புதிய டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் பதிவுக்கு மனுச் செய்வதற்கு முன்பே கடையில் வைத்துவிட்ட டிசைன் புதியதாகக் கருதப்படாது. முதலில் மனு, பிறகு விற்பனை என்ற வரிசையை நிர்வாகக் குழுவினர் மனத்தில் இருத்த வேண்டும். ஊரின் பெயரால் புகழ்பெற்ற சரக்குக்கு 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு. காஞ்சிபுரம் பட்டு அக்குறியீட்டைப் பெற்றிருக்கிறது. கைத்தறியில் நெய்ததென்று உறுதி கூறும் கைத்தறி முத்திரை 2006 முதல் வழங்கப்படுகிறது. விளைபொருள் சங்கத்தாரும் ஊர்ப் பெயர் பெற்ற தம் விளைச்சலுக்கு இவ்வழியை ஆராயலாம்.

(இ) செய்தவர் அடையாளம். பெருவிரல் ரேகையையே பதிக்க வேண்டுமென்பதில்லை. தறி எண், நெசவாளர் பெயர், நெய்து முடித்த தேதி ஆகிய மூன்றும் ஒரு சீட்டில் இருந்தால், சேலையை வாங்குகிறவருக்கு அது யார் உழைப்பு என்று தெரியும். குறையிருந்தால் திருத்தவும், நிறைவிருந்தால் மறுமுறை கேட்டு வாங்கவும் வழியுண்டு. விவசாயச் சங்கங்களும் மூட்டையில் இவ்வாறு சீட்டுக் கட்டலாம். சீட்டுக் கட்டிய பின் கலப்படம் செய்ய எவர் மனமும் துணியாது என்பது இதன் இன்னொரு பயன்.

(ஈ) தைப்பவரோடு நேர் தொடர்பு. வியோனே அகலமான கிரேப்பைக் கேட்டு வாங்கியது போல, நம் துணியை வெட்டித் தைக்கிறவர்களுக்கு எந்தப் பன்னா வேண்டும், எந்த முறுக்கு வேண்டும் என்பதை நாமே சென்று கேட்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை தையற்காரர்களைச் சங்கத்துக்கு அழைத்து, நம் துணியை அவர்கள் முன் விரித்து, குறைகளைக் கேட்பது நல்லது.

(உ) வாரிசு. வியோனேவின் நிலையம் ஒருவர் பெயரில் நின்றது, ஒருவருடன் முடிந்தது. கூட்டுறவுச் சங்கமோ அங்கத்தினர் மாறினாலும் நிலைத்து நிற்கும் சட்ட உருவம் பெற்றது. இந்த வசதி நமக்கிருக்க, அதனைப் பயன்படுத்தாமல் வித்தையை மட்டும் ஒரே முதியவர் தலைக்குள் வைத்திருப்பது விவேகமாகாது. எந்தச் சங்கத்தில் டிசைன் கட்டத் தெரிந்தவர் ஒருவரே இருக்கிறாரோ, அச்சங்கம் 1939ஐ எதிர்நோக்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அவரிடம் இரண்டு இளைஞர்களை இப்பொழுதே உட்கார வைக்க வேண்டும்; கற்பிக்கும் நாட்களுக்கு அவருக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

8. படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. சென்ற மூன்று ஆண்டுகளில் நம் சங்கம் புதிதாக அமைத்த டிசைன்கள் எத்தனை? அவற்றுள் எத்தனைக்கு மாதிரித் துணி கைவசம் உள்ளது?

2. நம் தறிகளின் பன்னா என்ன? அந்தப் பன்னாவில், 40 அங்குல நீளமுள்ள துண்டை மூலைவாட்டில் எடுத்தால் அதன் அகலம் எவ்வளவு கிடைக்கும்? மேலே கண்ட கணக்கைக்கொண்டு விடை காண்க.

3. நம் சரக்கின் நகல் சந்தையில் இருந்தால், மூலம் நம்முடையதே என்று நிரூபிக்க நம்மிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

4. வியோனே தம் தொழிலாளருக்குச் செய்த வசதிகளுள் எவை நம் சங்கத்தில் இல்லை? அவற்றுள் எதனை இவ்வாண்டு பொதுநல நிதியிலிருந்து தொடங்கலாம்?

5. நம் சங்கத்தில் டிசைன் கட்டுதல், பாவு தோய்தல், சாயம் இடுதல் ஆகிய ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது ஆள் யார்?

இவ்வினாக்களுக்கு வாயால் விடை கூறிக் கலைந்துவிடாமல், நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி, தலைவரும் வந்திருந்த அங்கத்தினர் அனைவரும் ஒப்பமிடுவார்களாக. கையெழுத்து வராதவர்கள் பெருவிரல் ரேகையை ஒற்றலாம், கூச்சம் வேண்டியதில்லை.